ஸ்டெகோடான்: யானைக்குப் பாட்டன் அல்ல, பங்காளி

அந்தக் கால மெட்ராஸ்வாசிகளுக்கு எழும்பூர் அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'. மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. உயிர் காலேஜ் 1985-ல் வண்டலூருக்குக் குடிபோய்விட்டது. செத்த காலேஜ் பாந்தியன் சாலையிலேயே இருக்கிறது. அதன் விலங்கியல் பிரிவில் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டோடு ஒரு யானையின் எலும்புக்கூடும் உண்டு. அதன் முன்னால் நிற்கும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "இதுதான் மம்மூத்தா?"

இல்லை, நம்ம ஊர் யானைதான். ஆனாலும் அந்தக் கேள்வியைத் தட்டிவிட வேண்டாம். இன்றைக்கு இருக்கும் யானைக்கு முன்னால் வேறு வகை யானைகள் இருந்து அழிந்தன என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. கார்ட்டூன் படங்களின் உபயம். அந்தப் படங்கள் சொல்லாமல் விட்டது, கம்பளி மம்மூத் சைபீரியா, ஐரோப்பா, வட அமெரிக்கா என்று குளிர்ப் பிரதேசங்களில் அலைந்த விலங்கு என்பதையும், நம் நாட்டு மண்ணிலேயே லட்சக்கணக்கான ஆண்டுகள் நடந்து திரிந்த இன்னொன்று உண்டு என்பதையும்தான். அதன் பெயர் ஸ்டெகோடான். பார்த்தால் யானை என்றுதான் சொல்வோம். அதே உருவம், அதே துதிக்கை, அதைவிட நீளமான தந்தம். ஆனால் உயிரியல் கணக்குப்படி அது யானைக் குடும்பத்தில் சேர்த்தி இல்லை.

பார்வைக்கு யானை, கணக்குக்கு யானை இல்லை. இது எப்படி என்று புரிந்துகொண்டால் பரிணாமத்தில் 'உறவு' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும்.

பாட்டன் வேறு, பங்காளி வேறு

பழைய விலங்கு ஒன்றின் எலும்பு கிடைத்ததும் செய்திகளில் வழக்கமாக வருவது 'யானையின் மூதாதை கண்டுபிடிப்பு' என்ற தலைப்பு. பழையது என்றால் மூதாதை என்று நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம். நம் குடும்பங்களிலேயே இது சரிவராது. கொள்ளுத்தாத்தாவின் தம்பி வழியில் வந்தவர்கள் நமக்குப் பங்காளிகள். ஒரே குலதெய்வம், ஒரே முகச்சாடை, சில சமயம் ஒரே மூக்கு. அவர்களில் ஒருவர் நம் தாத்தாவைவிட வயதில் மூத்தவராகவும் இருக்கலாம். அதற்காக அவர் வழியாக நாம் பிறக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒருவர் மேலே இருக்கிறார், அவ்வளவுதான். பங்காளி வீட்டில் வாரிசு இல்லாமல் போனால் அந்தக் கிளை அங்கேயே நின்றுவிடும்.

ஸ்டெகோடான் யானைக்கு அப்படிப்பட்ட பங்காளி. ஸ்டெகோடான்டிடே என்பது அதன் குடும்பம். எலிஃபன்டிடே என்பது யானைக் குடும்பம். இன்றைய ஆசிய யானை, ஆப்பிரிக்கப் புல்வெளி யானை, ஆப்பிரிக்கக் காட்டு யானை ஆகிய மூன்றும், அழிந்துபோன மம்மூத்தும் இந்த வீட்டைச் சேர்ந்தவை. சொல்லப்போனால், நம் ஆசிய யானைக்கு ஆப்பிரிக்க யானையைவிட மம்மூத்தான் நெருக்கம். பனியில் உறைந்து கிடந்த மம்மூத் உடல்களிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்தபோது தெரியவந்த சங்கதி இது. ஸ்டெகோடான் இவை எல்லாவற்றுக்கும் சற்று வெளியே, பக்கத்து வீட்டில் நிற்கிறது. அமெரிக்காவில் அழிந்த மாஸ்டோடான் இன்னும் தள்ளி. அதன் கிளை யானைக் கிளையிலிருந்து பிரிந்து ஏறத்தாழ 2.5 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

இன்னும் மேலே ஏறிப் போனால் வேடிக்கையான உறவெல்லாம் வரும். உருவத்தை வைத்துக் காண்டாமிருகத்தையோ நீர்யானையையோ யானைக்குச் சொந்தம் என்று நினைப்போம். பெயரிலேயே யானையை வைத்திருக்கும் நீர்யானைக்கு இந்த வீட்டோடு ஒட்டுமில்லை உறவுமில்லை; அது திமிங்கிலத்துக்கு உறவு. உயிரோடு இருக்கும் விலங்குகளில் யானைக்கு நெருங்கிய சொந்தம் பாக் நீரிணையில் கடற்புல் மேயும் கடல்பசு. அதோடு ஹைராக்ஸ் என்ற, முயல் அளவுள்ள ஓர் ஆப்பிரிக்கப் பிராணி. துதிக்கை விலங்குகளின் கிளையில் மிகப் பழையது என்று இப்போது அறியப்படும் எரித்தீரியம் சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் மொராக்கோவில் வாழ்ந்தது. எடை ஐந்தாறு கிலோ. அங்கிருந்து இன்றுவரை ஏறத்தாழ 180 இனங்கள் இந்தக் கிளையில் வந்துபோயிருக்கின்றன. மிச்சம் மூன்றே மூன்று.

பல்லைப் பிடித்துப் பார்ப்பது

எலும்புதான் கிடைக்கிறது, அதுவும் பெரும்பாலும் துண்டு துண்டாக. பிறகு எதை வைத்து 'இது யானை, இது ஸ்டெகோடான்' என்று சொல்கிறார்கள்? தந்தத்தை வைத்து இல்லை. தந்தம் கண்ணைப் பறிக்கும், ஆனால் அடையாளம் காட்டுவதில் அத்தனை உதவாது. துதிக்கை எலும்பில்லாத தசை, மக்கிப் போய்விடும். மண்டையோட்டில் மூக்குத் துவாரம் நெற்றிப் பக்கம் ஏறி, அகலமாக இருப்பதை வைத்துத்தான் துதிக்கை இருந்தது என்றே ஊகிக்கிறோம். உண்மையான சாட்சி கடைவாய்ப்பல். உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருள் பல்லின் எனாமல் என்பதால் மற்ற எல்லாம் போன பிறகும் அது நிற்கும்.

எழும்பூர் எலும்புக்கூட்டைப் பார்க்கப் போனால் தந்தத்தை விட்டுவிட்டுத் தாடையைக் குனிந்து பாருங்கள். யானைக்கு நம்மைப் போல வரிசையாகப் பற்கள் கிடையாது. தாடையின் ஒவ்வொரு பக்கமும் ஒரு பெரிய கடைவாய்ப்பல்தான் வேலை செய்யும். அதற்குப் பின்னால் அடுத்தது முளைத்து முன்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். முன்னே இருப்பது தேய்ந்து, நொறுங்கி விழ, பின்னே இருப்பது அந்த இடத்துக்கு வரும். வாழ்நாளில் இப்படி ஆறு சுற்று. ஆறாவது பல் யானைக்கு முப்பது வயது வாக்கில் வந்து சேர்கிறது. அறுபது, அறுபத்தைந்தில் அதுவும் தேய்ந்துவிட்டால் மென்று தின்ன வழியில்லை. காட்டில் நோய், வேட்டை எல்லாவற்றையும் தப்பித்து வந்த கிழ யானைகளுக்குக் கடைசியில் எமனாக வருவது அநேகமாகப் பல்தான்.

அந்தப் பல்லின் அமைப்பு இன்னும் அழகு. மெல்லிய எனாமல் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செங்குத்தாக நிற்கின்றன. ஒவ்வொரு தகட்டின் உள்ளும் டென்டைன் என்ற சற்று மிருதுவான பொருள். தகடுகளுக்கு இடையே சிமென்ட் என்றே பெயர் கொண்ட, அதைவிட மிருதுவான இன்னொன்று. மூன்றும் மூன்று வேகத்தில் தேய்வதால் மேற்பரப்பு ஒருபோதும் வழவழப்பாகாது. எனாமல் விளிம்புகள் எப்போதும் தூக்கலாக, கூராக நிற்கும். ஆசிய யானையின் கடைசிப் பல்லில் இப்படி இருபதுக்கும் மேற்பட்ட தகடுகள் இருக்கும். பல்லின் உயரமும் அதிகம், அதில் பெரும்பகுதி ஈறுக்கும் எலும்புக்கும் உள்ளே ஒளிந்திருக்கும். தேயத் தேய மேலே வரும்.

புல் தின்பவனுக்கு இதெல்லாம் வேண்டும். புல்லில் நுண்ணிய சிலிக்கா துகள்கள் உண்டு. தரையை ஒட்டி மேய்வதால் மண்ணும் சேர்ந்து வாய்க்குள் போகும். இலை தழை தின்பவனின் பல் அவ்வளவு சீக்கிரம் தேயாது.

இப்போது ஸ்டெகோடான் பல்லை வைத்துப் பார்ப்போம். அதே நீளவாக்கு, அதே பின்னாலிருந்து முன்னே நகரும் ஏற்பாடு. ஆனால் செங்குத்துத் தகடுகள் இல்லை. குறுக்கே ஓடும் தாழ்வான வரப்புகள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு வரப்பும் இருபுறமும் சரிந்து கூரை போல நிற்பதால்தான் கிரேக்கத்தில் 'கூரைப் பல்' என்று பொருள்படும் இந்தப் பெயரே வந்தது. கடைசிப் பல்லில்கூட ஏழெட்டு முதல் பத்துப் பன்னிரண்டு வரப்புகள்தான். எனாமல் தடிப்பு அதிகம், பல்லின் உயரமோ குறைவு. ஒவ்வொரு வரப்பையும் உற்றுப் பார்த்தால் அது சிறுசிறு கும்பங்கள் ஒட்டிக்கொண்டு உருவானது என்று தெரியும். மாஸ்டோடான் பல்லில் அந்தக் கும்பங்கள் தனித்தனியாகப் பெரிதாக நிற்கும். ஸ்டெகோடானில் ஒன்றாகச் சேர்ந்து வரப்பாகிவிட்டன. யானையில் வரப்பு உயர்ந்து தகடாகிவிட்டது.

மாஸ்டோடான், ஸ்டெகோடான், யானை என்று மூன்று பற்களையும் ஒரே மேசையில் வரிசையாக வைத்தால் ஒரு கதை தானாகவே உருவாகும்: இதிலிருந்து அது, அதிலிருந்து இது. நூறு ஆண்டுகளுக்கு மேல் அறிஞர்கள் நம்பிய கதை அது. நம்பியவர்களைக் குறை சொல்ல முடியாது, பற்கள் அவ்வளவு நன்றாக வரிசை கட்டி நிற்கின்றன.

எப்படிக் கிடைத்தது

இந்தக் கதையின் முதல் காட்சி பர்மாவில். முதல் ஆங்கிலேய-பர்மியப் போர் முடிந்த கையோடு 1826-ல் ஜான் கிராஃபர்ட் என்பவர் ஆவா அரசவைக்குத் தூதராக அனுப்பப்பட்டார். அவர் போன டயானா என்ற நீராவிக் கப்பல் ஐராவதி ஆற்றில் ஏனான்ஜாங் எண்ணெய்க் கிணறுகளுக்கு அருகே தரைதட்டிக்கொண்டது. தூதருக்குப் பொழுது போகவில்லை. கரையில் இறங்கி நடந்தவர்கள் கண்ணில் கல்லாய்ப்போன எலும்புகளும் பற்களும் பட்டன. பெட்டி பெட்டியாக அள்ளி வந்து லண்டனுக்கு அனுப்பினார். அவற்றை 1828-ல் விவரித்த வில்லியம் கிளிஃப்ட் ஒரு பல்லுக்கு இட்ட பெயர் 'மாஸ்டோடான் எலிஃபன்டாய்டிஸ்', அதாவது யானை போன்ற மாஸ்டோடான். யானையா மாஸ்டோடானா என்ற தடுமாற்றம் பெயரிலேயே தெரிகிறது.

அடுத்த காட்சி சிவாலிக் குன்றுகளில். இமயமலைக்கு முன்னால் வேலி கட்டியது போல ஓடும் இந்தத் தாழ்ந்த மலைத்தொடர் முழுக்க இமயத்து ஆறுகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும். ஆற்றில் செத்து மிதந்த விலங்கு வண்டலில் புதையும், மேலே அடுத்த வெள்ளத்து வண்டல் மூடும், எலும்பு கல்லாகும். பிறகு மலை எழும்பி, மழை அரித்து, எல்லாம் வெளியே எட்டிப் பார்க்கும். அந்த ஊர்க்காரர்களுக்கு இது முன்பே தெரியும். 14-ம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் கால்வாய்க்காகக் குன்றை வெட்டியபோது பெரும் எலும்புகள் கிடைத்ததாகவும், அவற்றில் சில பூதாகரமான மனிதர்களுடையவை என்று கருதப்பட்டதாகவும் ஃபெரிஷ்தா என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

1830-களில் சகாரன்பூர் தாவரவியல் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஹியூ ஃபால்கனர் என்ற மருத்துவரும், புரோபி காட்லி என்ற கால்வாய்ப் பொறியாளரும் (பின்னாளில் கங்கைக் கால்வாயைக் கட்டியவர் இவர்தான்) அந்தக் குன்றுகளில் எலும்பு பொறுக்கத் தொடங்கினார்கள். இரண்டு பேருமே இதற்குப் படித்தவர்கள் அல்ல. ஒப்பிட்டுப் பார்க்க அருங்காட்சியகமும் பக்கத்தில் இல்லை. அங்கே வாழும் யானை, புலி, எருமை இவற்றின் எலும்புகளைச் சேகரித்து, அவற்றோடு ஒப்பிட்டே கல் எலும்புகளை அடையாளம் கண்டார்கள். 1837-ல் லண்டன் புவியியல் சங்கம் இருவருக்கும் வொல்லாஸ்டன் பதக்கம் கொடுத்தது. 'ஸ்டெகோடான்' என்ற பெயர் ஃபால்கனர் வைத்தது.

அதில் ஓர் இனத்துக்கு அவர் வைத்த பெயர் ஸ்டெகோடான் கணேசா. நம் பிள்ளையாருக்கு ஒரு தந்தம் ஒடிந்திருக்கும். இந்தப் பெயர்வழிக்கோ இரண்டும் அளவுக்கு மீறிய நீளம். மூன்று மீட்டரைத் தாண்டிய தந்தங்கள் கிடைத்திருக்கின்றன. அவை முளைக்கும் இடத்தில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. துதிக்கை நடுவே தொங்க இடம் இருந்திருக்காது, பக்கவாட்டில்தான் போட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று சிலர் கருதுகிறார்கள். அப்படி ஒதுக்கிப் போட்டுக்கொண்டே ஒரு விலங்கு ஆயுள் முழுக்க நடந்திருக்கும் என்பதைக் கற்பனை செய்ய எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கணேசாவும், அதே பாறைகளில் கிடைக்கும் இன்சிக்னிஸ் என்ற இனமும் உண்மையில் ஒன்றே, ஆணும் பெண்ணும்தான் இரண்டு பெயரில் உலவுகின்றன என்று சொல்பவர்களும் உண்டு.

கதை எங்கே உடைந்தது

பாட்டன் என்று நம்பப்பட்டதைப் பங்காளியாக மாற்றியது பெரும்பாலும் ஆப்பிரிக்கா. கென்யாவின் லோதகாம் போன்ற இடங்களில் கிடைத்த பிரைமெலிஃபஸ் முதலான ஆரம்பகால யானைகளுக்கு வயது சுமார் 70 லட்சம் ஆண்டுகள். ஆசியாவில் ஸ்டெகோடான் தலைகாட்டுவதும் ஏறக்குறைய அதே காலத்தை ஒட்டித்தான். ஸ்டெகோடானுக்கு முந்திய ஸ்டெகோலோஃபோடான் என்ற உறவினர் ஆசியாவில் கிடைக்கிறது. யானைக்கு முந்திய நான்கு தந்த விலங்குகள் ஆப்பிரிக்காவில் கிடைக்கின்றன. இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாக முன்னோர் இருக்கிறார்கள், தனித்தனிக் கண்டத்தில். 1973-ல் வின்சென்ட் மாக்லியோ யானைக் குடும்பத்தின் தோற்றம் பற்றி எழுதிய விரிவான ஆய்வு, யானைகள் ஆப்பிரிக்காவில் கோம்ஃபோதீர் எனப்படும் அந்த நான்கு தந்த வகை விலங்குகளிலிருந்து வந்தவை என்று வாதிட்டது. இன்று பரவலாக ஏற்கப்படும் பார்வை இதுதான்.

அப்படியானால் அந்தப் பல் வரிசை? ஒரே தேவை இரண்டு கிளைகளிலும் தனித்தனியாக வேலை செய்திருக்கிறது. நார்ப்பொருளை அரைத்துத் தின்ன வேண்டுமென்றால் கும்பத்தைவிட வரப்பு நல்லது, நாலு வரப்பைவிடப் பத்து வரப்பு நல்லது. யானைக் கிளை ஆப்பிரிக்காவில் அந்தத் திசையில் போனது. ஸ்டெகோடான் கிளை ஆசியாவில் அதே திசையில் போனது. ஒன்றைப் பார்த்து ஒன்று செய்யவில்லை. புதைபடிவ உலகத்தில் ஒற்றுமையைக் கண்டதும் உறவு என்று முடிவு கட்டாமல் இருக்க இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

நம் யானையின் உண்மையான பாட்டன் யார் என்ற கேள்விக்கும் சிவாலிக்கே பதில் வைத்திருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய யானைக் குடும்பம் சுமார் 35 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கம் வந்து சேர்கிறது. அதற்குச் சற்றுப் பின்னால் சிவாலிக் படிவுகளில் எலிஃபஸ் ஹைசுட்ரிகஸ் என்ற யானை தென்படுகிறது. இன்றைய ஆசிய யானையின் மூதாதை என்று பொதுவாகக் கருதப்படுவது இதுவே. இதற்கும் பெயர் வைத்தவர்கள் ஃபால்கனரும் காட்லியும்தான். ஆக, பாட்டனும் பங்காளியும் ஒரே மலையடிவாரத்தில் மேய்ந்து, ஒரே ஆற்று வண்டலில் புதைந்து, ஒரே இரண்டு பேர் கையால் பெயர் வாங்கியிருக்கிறார்கள்.

பன்னிரண்டு டன்னும் முன்னூறு கிலோவும்

அளவு விஷயத்தில் ஸ்டெகோடான் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படவில்லை. 1973-ல் சீனாவின் கான்சு மாநிலத்தில் கிடைத்த ஸ்டெகோடான் ஸ்டான்ஸ்கியி தோளருகே ஏறக்குறைய நான்கு மீட்டர் உயரம். எடை பன்னிரண்டு டன்னுக்கும் மேல் இருந்திருக்கும் என்பது ஒரு மதிப்பீடு. நம் ஆண் யானை சராசரியாக நாலு டன் சொச்சம்.

மறுபக்கம் இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவு. அங்கே வாழ்ந்த ஸ்டெகோடான் சொண்டாரி சுமார் 300 கிலோதான் இருந்திருக்கும் என்கிறார்கள். தீவில் தீனி குறைவு, துரத்தும் பெரிய புலி சிங்கமும் இல்லை. பெரிய உடம்பால் லாபமில்லை, செலவுதான் அதிகம். குட்டையானவை பிழைத்து, குட்டையானவையே குட்டி போட்டு, சில ஆயிரம் தலைமுறைகளில் இனமே சுருங்கிவிடும். ஜப்பானில் வாழ்ந்த ஸ்டெகோடான் அரோராவும் இப்படிக் குறுகியதே.

ஃபுளோரஸ் எப்போதும் பெருநிலத்தோடு ஒட்டியிருந்ததில்லை. ஸ்டெகோடான் அங்கே நீந்தித்தான் போயிருக்க வேண்டும். நம்பச் சிரமமாக இருந்தால், 2017-ல் இலங்கையின் கொக்கிளாய்க் கடற்கரைக்கு அப்பால் பல கிலோமீட்டர் தூரத்தில் துதிக்கையை மட்டும் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு தத்தளித்த காட்டு யானையை இலங்கைக் கடற்படை கயிறு கட்டி இழுத்து வந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். யானை வகைக்கு நீச்சல் கைவந்த கலை. அதே ஃபுளோரஸில் லியாங் புவா குகையில் 2003-ல் ஒரு மீட்டர் உயர மனித இனத்தின் எலும்புகள் கிடைத்தன. 'ஹாபிட்' என்று பத்திரிகைகள் கொண்டாடிய இனம். அதே குகையில் வெட்டுக் காயங்களோடு ஸ்டெகோடான் குட்டிகளின் எலும்புகளும் கிடந்தன. குட்டை மனிதர்கள் குட்டை ஸ்டெகோடானைத் தின்றிருக்கிறார்கள், கொமோடோ உடும்புகள் பக்கத்தில் காத்திருக்க.

சென்னைப் பக்கம் ஏன் இல்லை

பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற புவியியலாளர் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியப் பழைய கற்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவருடைய சேகரிப்பு பிற்பாடு எழும்பூருக்கே வந்து சேர்ந்தது. அதே ஆண்டில் அவர் கண்ட அத்திரம்பாக்கம், நகரத்துக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டரில், கொற்றலை ஆற்றுப் படுகையில் இருக்கிறது. சாந்தி பப்பு குழுவினர் அங்கே நடத்திய அகழாய்வு, சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கற்கருவி செய்தவர்கள் இருந்தார்கள் என்று 2011-ல் உலகுக்குச் சொன்னது. அந்தக் காலத்தில் இந்தியாவில் ஸ்டெகோடான் உயிரோடு உலவிக்கொண்டிருந்தது. அப்படியானால் அத்திரம்பாக்கத்து மனிதர்கள் அதைப் பார்த்திருப்பார்களா?

பார்த்திருக்கலாம் என்று சொல்ல ஆசைதான், சொல்வதற்கு எலும்பு இல்லை. அத்திரம்பாக்கத்தில் ஆயிரக்கணக்கில் கற்கருவிகள் கிடைக்கின்றன. விலங்கு என்று பார்த்தால் குளம்புள்ள விலங்குகளின் சில பற்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. காரணம் மண். சென்னையைச் சுற்றிய செம்புரைக்கல் நிலங்களில் நீர் சற்று அமிலத் தன்மையோடு ஊறிச் செல்லும். எலும்பு கால்சியம் பாஸ்பேட்டால் ஆனது, அமிலத்தில் கரையும். குவார்ட்சைட் கல் கரையாது. எனவே கருவி நிற்கிறது, வேட்டையாடப்பட்டது கரைந்துவிட்டது.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலும் இதே கதை வேறு விதம். சுமார் 2 கோடி ஆண்டு பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. மரத்துக்குள் சிலிக்கா ஊறிக் கெட்டித்துவிட்டது; எலும்புக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அரியலூரில் தேடலாமே என்றால், அது டைனோசர் காலத்துக் கடற்படுகை. அங்கே கிடைக்கும் நத்தைகளும் அம்மோனைட்டுகளும் முதல் துதிக்கை விலங்கு பிறப்பதற்கு முன்பே கல்லானவை.

மனிதரும் ஸ்டெகோடானும் ஒரே இந்திய மண்ணில் சேர்ந்திருந்ததற்குச் சாட்சி வேண்டுமென்றால் நர்மதைக்குப் போக வேண்டும். 1982-ல் அருண் சோனாகியா ஹத்னோராவில் பழைய மனித மண்டையோட்டைக் கண்டெடுத்த படிவுகளில் ஸ்டெகோடானும் இருக்கிறது; நேரான தந்தம் கொண்ட பேலியோலாக்ஸோடான் என்ற மாபெரும் யானையும் இருக்கிறது.

ஏன் போனது

ஒரே காரணம் சொல்லி முடிக்கிற வழக்கு இல்லை இது. ஆனால் பல்லைப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும், அது நியாயமான சந்தேகமே. சுமார் 80 முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் சிவாலிக் பகுதியில் காடு குறைந்து புல்வெளி பரவியது. மண்ணிலும் பற்களிலும் உள்ள கார்பன் வகைகளின் விகிதம் அதைக் காட்டுகிறது. ஆப்பிரிக்காவில் யானைக் குடும்பம் அதே காலத்தை ஒட்டிப் புல்லுக்கு மாறியது. அட்ரியன் லிஸ்டர் என்ற ஆய்வாளர் 2013-ல் காட்டிய ஒரு விவரம் ரொம்ப சுவையானது: வாய் முதலில் புல்லுக்கு மாறியது, பல் உயர்ந்து ஈடுகொடுக்க ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுகள் பிடித்தன. அதுவரை பொருந்தாத பல்லை வைத்துக்கொண்டே சமாளித்திருக்கின்றன.

ஸ்டெகோடான் அந்தத் தூரம் போகவில்லை. சீனாவில் செய்த பற்களின் ஆய்வுகள் அது பெரும்பாலும் காட்டுத் தழையையே நம்பியிருந்தது என்று சொல்கின்றன. தென் சீனாவில் பாண்டாவும் ஸ்டெகோடானும் எப்போதும் சேர்ந்தே கிடைப்பதால் அந்த விலங்குத் தொகுதிக்கே இரண்டின் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். புல்லும் தின்னும், தழையும் தின்னும், வாழைத்தோட்டத்திலும் இறங்கும் ஆசிய யானைக்குப் பஞ்ச காலத்தில் தப்பிக்க வழிகள் அதிகம். பங்காளிக்கு அது இல்லை. கூடவே மனிதனும் வந்துவிட்டான்.

ஃபுளோரஸில் ஸ்டெகோடான் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன் மறைகிறது. இந்தியாவில் ஸ்டெகோடான், பேலியோலாக்ஸோடான், நீர்யானை, ஒரு காட்டு மாட்டினம் ஆகியவை கடைசிப் பனியுக வாக்கில், ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி மறைந்தன என்று 2021-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. சீனாவில் 4,000 ஆண்டுகளுக்கு முன்புவரை ஸ்டெகோடான் இருந்தது என்று இணையத்தில் அடிக்கடி கண்ணில் படும். அந்தத் தேதிகளை மறுபடி சோதித்தவர்கள் நம்பத்தக்கவை அல்ல என்று தள்ளிவிட்டார்கள்.

நேரில் பார்க்க ஆசைப்பட்டால் சென்ட்ரலில் கோரமண்டல் ஏறி ஒரு இரவுப் பயணம். கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் சிவாலிக் கூடத்தில் ஸ்டெகோடான் கணேசாவின் மண்டையோடு தந்தத்தோடு இருக்கிறது. இமாச்சலப் பிரதேசத்தின் சாகேதியில் 1974-ல் திறந்த புதைபடிவப் பூங்காவில் முழு உருவ மாதிரியும் உண்டு, ஆனால் அது ஃபைபர். கொல்கத்தாவில் இருப்பது அசல். கண்ணாடிக்கு வெளியே நின்று கடைவாய்ப்பல்லின் வரப்புகளை எண்ண முடிகிறதா என்று பாருங்கள். பன்னிரண்டைத் தாண்டினால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது அநேகமாக வேறு விலங்கு.